நான்கு குழாய்கள்

ஏப்ரல் 9

சிம்வெரா என்ற இந்த ஊருக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. மலாவிக்கு வந்த பிறகு எங்கள் வண்டி நிற்கும் மூன்றாவது ஊர். வண்டி என்றால் போர்வெல் ரிக். அப்பாதான் அதில் டிரில்லர். திருச்செங்கோட்டில் இருபது வருடம் ரிக்கில் இருந்தவர். நாச்சிமுத்து மாமா சூப்பர்வைசர், முதலாளியின் மச்சான். இன்னும் நான்கு ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் சமைக்கிறேன்.

அம்மா இறந்த பிறகு என்னை யார் வீட்டில் விடுவது என்று கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. பிறகு யாரும் பேசவில்லை. பாஸ்போர்ட் வந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னாலே கால் நடுங்கும்.

என் ஆங்கிலக் கையெழுத்து நன்றாக இருப்பதால் போர்வெல் பதிவேட்டை நான்தான் எழுதவேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். எழுதுவது எனக்குப் பிடிக்கும். பேச வேண்டியதில்லை.

ஏப்ரல் 11

லாரியில் நீலக் குழாய்கள் வந்து இறங்கின. கேசிங் குழாய், துளைக்குள் மண் சரியாமல் தாங்குவது. ஒவ்வொன்றும் பத்தடி. இருபது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஏதோ ஒரு நாடு பணம் கொடுத்து, இங்கே நாற்பது ஊர்களில் போர்வெல் போட்டு, சூரிய வெளிச்சத்தில் ஓடும் மோட்டார் வைக்கிறது. மழை இல்லாத மாதங்களிலும் ஊர்ச் சங்கத்து விவசாயிகள் வெள்ளாமை செய்யலாம். அந்தத் திட்டத்தின் அதிகாரி ம்வாலே வந்து குழாய்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார். இந்த நாட்டுக்காரர்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கூடாரத்துக்குள் போய்விட்டேன்.

சாயங்காலம் சூடான குழம்புச் சட்டியை மறந்துபோய் ஒரு குழாயின்மேல் வைத்துவிட்டேன். பிறை மாதிரி கறுப்பாக ஒரு வடு விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 12

தண்ணீர் வந்துவிட்டது. நூற்று நாற்பது அடியில். காற்றோடு சேறும் தண்ணீரும் மரத்து உயரத்துக்குப் பீய்ச்சியது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அதற்குள் ஓடிப்போய் நனைந்துகொண்டு பாடினார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டி நனைத்தார்கள்.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ரெண்டே கால் இஞ்சு தண்ணி வரும் அம்மணி. நம்மூர்ல இந்நேரம் கெடா வெட்டியிருப்பானுங்க."

இருநூறு அடியில் நிறுத்தினார்கள். பிறகு குழாய் இறக்கினார்கள். மாமா உட்கார்ந்துகொண்டு சொன்னார், நான் எழுதினேன்.

"மொத்த ஆழம் இருநூறு அடி. கேசிங் இருநூறு அடி. இருபது குழாய்."

நான் நிமிர்ந்தேன்.

"என்ன பாக்கற? எழுது."

எழுதினேன்.

ஏப்ரல் 13

துணி துவைத்தேன். குழாய் அடுக்கின்மேல்தான் காயப்போட்டேன். பதினாறு குழாய்கள் இருக்கின்றன.

ஏப்ரல் 14

அப்பாவிடம் கேட்டேன். "மீதிக் குழாய் எப்பங்கப்பா எறக்குவீங்க?"

"பெய்ரா துறைமுகத்துல லோடு நிக்குதாமா. இந்தப் பதினாறு அடுத்த ஊருக்கு வேணுமுன்னு மாமன் சொல்றாரு. லோடு வந்ததும் பாத்துக்கலாம்."

"அப்ப திரும்ப எறக்க முடியுமுங்களா?"

அப்பா கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நம்மூர்ல நாப்பதடிக்கு மேல யாரு எறக்கறா? கீழ பாறை தானா நிக்கும். சோறு ஆச்சா?"

அப்பாவுக்குத் தெரியாததா. எனக்கு இதில் வேலை இல்லை.

ஏப்ரல் 27

சுற்றுவட்டத்து ஊர்களுக்கெல்லாம் இங்கிருந்தே போய்வரலாம் என்று கூடாரத்தை இங்கேயே வைத்துவிட்டார்கள். ஒரு பெண் வந்தாள். பெயர் எஸ்னாத், பதினெட்டு வயது. என்னைவிட இரண்டு வயது பெரியவள். சங்கத்தில் அவள் ஒருத்திதான் எட்டாவதுக்கு மேல் படித்தவளாம். அதனால் மோட்டார் வந்ததும் சாவி அவளிடம் இருக்குமாம். தினமும் எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று எழுதி வைக்கவேண்டியதும் அவள். எப்படிக் கோடு போட்டால் பதிவேடு நன்றாக இருக்கும் என்று கேட்க வந்திருக்கிறாள். பாதி ஆங்கிலம், பாதி அவள் பாஷை. நான் பேசவில்லை. ஸ்கேல் எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். போகும்போது "அச்செம்வாலி" என்றாள். சகோதரி என்று அர்த்தமாம்.

மே 16

மோட்டார் ஓடுகிறது. அதற்கு முந்தின நாள், ஊரில் இருந்த பழைய கிணற்றை மூடிவிட்டார்கள். அந்தத் தண்ணீரில் நோய் வருகிறது, போர்வெல் வந்துவிட்டால் அது இருக்கக்கூடாது என்பது திட்டத்தின் விதி. ஊர்க்காரர்களே மண்ணைக் கொட்டி மிதித்தார்கள். எஸ்னாத்தும் மிதித்தாள். சிரித்துக்கொண்டு என்னையும் இழுத்துவிட்டாள். இரண்டு மிதி மிதித்தேன்.

ஜூன் 3

எஸ்னாத்தோடு தக்காளி நாற்று நட்டேன். அவள் அவள் பாஷையில் எண்ண, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு என்றால் அனாயி. நான் சொல்வது ஆடு கத்துவது மாதிரி இருக்கிறதாம். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்து நான் சத்தம் போட்டுச் சிரித்தது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

தக்காளி விற்றால் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்து பரீட்சை எழுதப் போகிறாளாம். "நீ எதற்குப் படிப்பை விட்டாய்?" என்று கேட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது என்று சொன்னேன். அவள் புத்தகத்தை இரவல் கொடுத்திருக்கிறாள். நிலவியல். இரண்டு தடவை படித்துவிட்டேன்.

ஜூன் 19

இன்று சமைக்க என்னையும் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நீலக் குழாய்களை இறக்கி அடுக்கினார்கள். ம்வாலே வந்து படம் எடுத்தார். மேலிருந்து மூன்றாவது குழாயில் பிறை மாதிரி கறுப்பு வடு.

சிம்வெராவுக்குப் பிறகு இது நான்காவது ஊர். பதிவேட்டில் நான்கு ஊருக்கும் இருபது இருபது என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்து ம்வாலே, "பள்ளிக்கூட டீச்சர் எழுதின மாதிரி இருக்கிறது" என்றார்.

ஜூலை 22

தக்காளி காய்த்துவிட்டது. மக்காச்சோளம் இடுப்புக்கு வந்துவிட்டது. சுற்றிலும் காய்ந்த புல், நடுவில் இந்த ஒரு பச்சை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எஸ்னாத் மக்காச்சோளக் களி கிண்டிக் கொடுத்தாள். இங்கே அதை ன்சீமா என்கிறார்கள். நான் புளிக்குழம்பு கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைக் குடித்தா நீங்கள் பாறையை உடைக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 18

எஸ்னாத் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அடியில் விரல் கனத்துக்கு மணல்.

"இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 19

அப்பாவிடம் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 4

மோட்டார் நின்றுவிட்டது. மேலே இழுத்தார்கள். மோட்டாரின் தண்ணீர்க் குழாய் பாதியில் அறுந்து கையோடு வந்தது. மோட்டார் மணலுக்குள் மாட்டிக்கொண்டது.

செப்டம்பர் 21

தக்காளி போய்விட்டது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்கிறது. இலையைத் தொட்டால் நொறுங்குகிறது. குடிக்கவும் தண்ணீர் இல்லை. எல்லோரும் வறண்ட ஆற்றுக்குப் போய் மணலில் குழி தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். போக ஒரு மணி நேரம், வர அதைவிட அதிகம். எங்களுக்கு மட்டும் கம்பெனி டேங்கர் வருகிறது.

பழைய கிணற்றைத் திரும்பத் தோண்டிப் பார்த்தார்கள். மிதித்த மண் கல்லாகிவிட்டது. அதற்குக் கீழே ஈரமே இல்லை.

அக்டோபர் 8

ம்வாலே வந்தார். மாமாவோடு கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார். டீ கொடுத்தேன். ம்வாலே நான் எழுதின பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். அடிவரைக்கும் கேசிங் இருக்கிறது, அப்படியிருந்தும் மணல் வந்தால் அளவுக்கு மீறி இறைத்திருக்க வேண்டும் என்றார். மாமா ஆங்கிலத்தில் ஆமாம் ஆமாம் என்றார்.

அவர் போன பிறகு மாமா அப்பாவிடம் சொன்னார்: "கேட்டுக்க சென்னியப்பா. ஆறு மணி நேரம் ஓட்டுங்கடான்னா, அந்தப் புள்ள விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் ஓட்டிப்போட்டா. பக்கத்து ஊருக்கும் தண்ணி வித்திருப்பா. அவ்வளவுதான் கதை."

அப்பா, "அந்தப் புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்" என்றார்.

"அப்ப யாரு? நீயா? சொல்லு, எழுதிக் குடுத்தறேன்."

அப்பா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் கழுவ வேண்டிய டம்ளர் அது. அவரே கழுவினார்.

அக்டோபர் 17

எஸ்னாத்தின் முதுகில் யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள். ஆற்றுக்குப் போகும் வழியில். இவள் தண்ணீரை விற்றுத் தின்றுவிட்டாள் என்று ஊரே பேசுகிறது. அவள் அம்மாவோடு யாரும் ஒன்றாக நடப்பதில்லை.

தன் பதிவேட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரம். ஞாயிறு நான்கு. "நான் பொய் எழுதவில்லை அச்செம்வாலி. உன் கோடுகள்தானே இவை. நீயே பார்."

பார்த்தேன். ஒரு நாள்கூட விடவில்லை. வெயில் இல்லாத நாளுக்கு மேகம் என்று எழுதியிருக்கிறாள்.

காயத்தில் மஞ்சள் வைத்தேன்.

அக்டோபர் 18

அப்பாவிடம் சொன்னேன், "நாலு குழாய்தான்னு ம்வாலேகிட்டச் சொல்லீருங்கப்பா."

அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ரொம்ப நேரம் கால் மட்டும் தெரிந்தது.

"நாஞ் சொன்னா ஜெயில்ல போடுவாங்க கண்ணு. உன்ன யாரு பாக்கறது? எங்க உடுவேன் உன்ன?"

என்னை எங்கே விடுவது என்பது மறுபடி வந்துவிட்டது.

அக்டோபர் 30

வெயில். இரண்டு வேளை சமைத்தேன்.

நவம்பர் 6

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாமரத்தடியில் கூட்டம். ஊரே வந்திருந்தது. ஊர்த்தலைவர் நாற்காலியில் இருந்தார். ம்வாலே எழுந்து திட்டத்தின் முடிவைப் படித்தார். மோட்டாரை விதிக்கு மீறி ஓட்டியதால் சிம்வெரா சங்கத்தைத் திட்டத்திலிருந்து எடுக்கிறார்கள். சோலார் தகடுகள் வேறு ஊருக்குப் போகும். இங்கே இனி போர்வெல் கிடையாது. சாவி வைத்திருந்தவளை என்ன செய்வது என்பது ஊர்த்தலைவரின் பொறுப்பு. அவளும் அவள் அம்மாவும் நிலத்தை ஊருக்கு விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று தலைவர் சொன்னார். விதைக்கும் மாதத்தில் நிலம் போனால் எங்கே போவார்கள்?

எஸ்னாத் எழுந்து பதிவேட்டைப் படிக்க ஆரம்பித்தாள். மே பதினாறு, ஆறு மணி நேரம். மே பதினேழு, ஆறு மணி நேரம். குரல் உடையவில்லை.

பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "பேனா உன் கையில் இருந்தால் ஆறுதான் இருக்கும்! என் கையில் கொடு, நான் இரண்டு என்று எழுதுகிறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மே பதினெட்டு, ஞாயிறு, நான்கு மணி நேரம்.

நான் தண்ணீர்க் குடத்தோடு பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எப்போது முன்னால் போனேன் என்று தெரியவில்லை. பாவாடை ஆடுவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. எஸ்னாத் சொல்லிக்கொடுத்த பாஷைதான் வந்தது.

"குழாய் அனாயி" என்றேன். நான்கு விரல்களைக் காட்டினேன். "காகிதத்தில் இருபது. உள்ளே நான்கு. காகிதம் நான் எழுதியது."

மாமா எழுந்துவிட்டார். ம்வாலேவிடம் ஆங்கிலத்தில், சின்னப் பெண், அம்மா செத்ததிலிருந்து புத்தி சரியில்லை என்றார். பிறகு தமிழில், "சென்னியப்பா, உம்புள்ளையக் கூட்டீட்டுப் போ! குடும்பத்தோட உள்ள போகோணுமா?"

ம்வாலே அப்பாவைப் பார்த்தார். "அவள் சொல்வது உண்மையா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ம்வாலே ஒரு முகக்கண்ணாடி கேட்டார். யாரோ கொடுத்தார்கள். எல்லோரும் போர்வெல்லுக்கு நடந்தோம். கண்ணாடியை வெயிலில் சாய்த்து வெளிச்சத்தை உள்ளே அடித்தார். குனிந்து பார்த்தார். பிறகு தலைவரைப் பார்க்கச் சொன்னார். அந்தக் கத்தின கிழவரும் பார்த்தார். கொஞ்சத் தூரத்துக்கு நீலம். அதற்குக் கீழே வெறும் மண், பெரிய வாய் மாதிரி சரிந்து கிடக்கிறது. நானும் பார்த்தேன்.

ம்வாலே எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டது எஸ்னாத்தான்.

"எப்போது எண்ணினாய்?"

"ஏப்ரலில்."

"நாற்று நடுவதற்கு முன்பா?"

தலையை ஆட்டினேன்.

"கிணற்றை மிதிப்பதற்கு முன்பா?"

அவள் என்னை அடித்திருக்கலாம். பதிவேட்டை மூடி, அட்டையில் இருந்த தூசியைத் தட்டி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 9

போலீஸ் வந்து மாமாவைக் கூட்டிப்போனார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ரிக்கின் கதவில் அரக்கு வைத்துவிட்டார்கள். அப்பா வாரம் ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும்.

எஸ்னாத்தின்மேல் தவறில்லை என்று காகிதம் வந்துவிட்டது. நிலம் அவர்களிடமே இருக்கும். சங்கமும் திட்டத்தில் இருக்கும். ஆனால் நாங்கள் போட்ட எல்லாப் போர்வெல்லையும் சோதித்து முடிக்கும்வரை எந்த ஊரிலும் எந்த வேலையும் கிடையாது. அடுத்த வருடம் வேறு கம்பெனி வரும். அடுத்த வருடம் என்று ம்வாலே இரண்டு தடவை சொன்னார். இந்த வருடம் என்ன சாப்பிடுவது என்று ஒரு பெண் கேட்டாள். அது வேறு துறை என்றார்.

நவம்பர் 12

ஆறு நாட்களுக்குப் பிறகு அப்பா பேசினார்.

"வெறும் மண்ணு அம்மணி. நாப்பதடிக்குக் கீழயும் மண்ணுதான் வந்துச்சு. பாறைப் பொடி வெள்ளையா வரோணும். வரவே இல்ல. அன்னிக்கே பாத்தேன்."

"பின்ன ஏனுங்கப்பா?"

"நம்மூரு மாதிரியே நின்னுருமுன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

நான் அரிசி களைந்தேன்.

நவம்பர் 14

டேங்கர் வரவில்லை. கம்பெனி டீசலை நிறுத்திவிட்டதாம். டிரம்மில் கலங்கல் ஒரு குடம் இருந்தது. சமைத்துவிட்டேன்.

நவம்பர் 15

குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பெண்கள் முன்னால் போனார்கள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். யாரும் திட்டவில்லை. ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தினாள்.

ஆற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி இருக்கிறது. தோண்டியவர்கள்தான் அதில் மொள்ளலாம். எஸ்னாத் தன் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மொண்டுகொண்டிருந்தாள். முதுகுக் காயம் ஆறிவிட்டது. அவள் நிமிரவில்லை.

தள்ளிப்போய் ஓர் இடத்தில் கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஈரம் தெரிந்தது. இன்னும் தோண்டினேன். தண்ணீர் கசிந்தது. குனிந்து மொள்ளப் போனபோது பக்கம் சரிந்து குழி மூடிக்கொண்டது. மறுபடி தோண்டினேன். மறுபடி சரிந்தது. அகலமாகத் தோண்டினேன். நான்கு பக்கமும் சரிந்தது.

அப்புறம்தான் மற்றக் குழிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அடியில்லாத வாளி ஒன்றை இறக்கி வைத்திருக்கிறார்கள். மணல் அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. சின்னக் குழந்தை தோண்டிய குழியில்கூட அடி வெட்டின எண்ணெய் டின் இருக்கிறது.

என்னிடம் வாளி இல்லை. யாரிடமும் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரும் போன பிறகும் தோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையால் மணலைத் தாங்கிக்கொண்டு மறுகையால் அள்ளினேன். உச்சி வெயிலில் குடத்தில் கால்வாசி சேர்ந்தது. பாதி மணல்.

அப்பா அதைத் துணியில் வடிகட்டினார். எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை. எனக்கு முதலில் கொடுத்தார்.